படுக்கை வைத்த பழைய வேன்: குனிந்து பார்த்து வாங்குங்க!

நண்பர்களே, தினமும் ‘டெம்போ, டெம்போ’ என்கிறோமே, அது ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர் என்று தெரியுமா? அந்த கம்பெனி 1949-இல் மேட்டடார் என்ற வேனை விட்டது. அதற்குள் இருந்தது ஃபோக்ஸ்வாகன் காரின் எஞ்சின்! மறு வருடமே ஃபோக்ஸ்வாகன் தானும் ஒரு வேன் செய்தது. அதில் கட்டில், அடுப்பு எல்லாம் வைத்ததுதான் புகழ்பெற்ற கேம்பர் வேன். சக்கரம் வைத்த வீடு என்று சொல்லலாம்.

நம் நாட்டில் மேட்டடாரைச் செய்தது புனேயின் பஜாஜ் டெம்போ (2005-லிருந்து ஃபோர்ஸ் மோட்டார்ஸ்). இப்போது அது புதிதாக வருவதில்லை. ஆசைப்பட்டால் பழசுதான் வாங்கணும்.

பெயிண்ட் பளபளன்னு இருக்கும், அதைப் பார்த்து மயங்காதீங்க. துரு பிடிப்பது அடியில்தான். ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. துருப்பிடித்த ஓட்டையைக் கனமான பட்டி பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது.

அடுத்தது கேஸ் அடுப்பு. இது உயிர் விஷயம். எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது. லீக் ஆனால் மேலே போகாது, தரையிலேயே தேங்கி நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளியே போக ஒரு வழி இருக்கணும். இன்னொன்று: தளி, அஞ்செட்டிப் பக்கம் குளிருதுன்னு எல்லாக் கதவையும் சாத்திக்கிட்டு அடுப்பை எரியவிட்டுத் தூங்கினால், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது! (வேதியியல் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்க.)

நம்ம ஊர் எல்லை ஊர். அதனால் கே.ஏ. நம்பர் வண்டி மலிவாக வரும். ஆனால் அதே நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது, டி.என். 70-க்கு மாற்றணும். விற்பவர் அங்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்கித் தரணும், அது படிவம் 28. இங்கே கட்டும் வரியையும் விலையோடு கூட்டிக்கோங்க. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருடம்தான், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். உள்ளே கட்டில் அடுப்பு இருக்க, ஆர்.சி.யில் வெறும் பயணிகள் வேன் என்று இருந்தால், அனுமதி வாங்காமல் மாற்றியிருக்காங்களா என்று கேளுங்க.

கடைசியாக, சேசிஸ் நம்பர். அது இரும்பில் வெட்டியிருக்கும். வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து பென்சிலால் தேய்த்தால், காசை வைத்துத் தேய்க்கிற மாதிரி அப்படியே பதியும். ஆர்.சி.யோடு ஓர் எழுத்து ஒத்துப்போகவில்லை என்றாலும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.