எருக்கலை விதையில் வாழும் சிவப்புப் பூச்சி

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை மணலில் எருக்கலை யாரும் நடாமலே முளைத்து நிற்கும். பிள்ளையாருக்குப் பூப் பறிப்பவர்கள்கூட அதன் பால் கண்ணில் பட்டுவிடாமல் கவனமாக இருப்பார்கள். மாடுகளும் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். ஆனால் காய் வெடித்துப் பஞ்சு தெரியும் செடியில், சிவப்பு உடலில் கறுப்புத் திட்டுகள் உள்ள பூச்சிகள் குஞ்சும் பெரிதுமாகக் கூடியிருக்கும். அறிவியல் பெயர் ஸ்பைலோஸ்தீதஸ் ஹாஸ்பெஸ். படுவான்கரை வயல்களில் பால்பிடித்த நெற்கதிரை உறிஞ்சும் பூச்சியைப் போல இதுவும் ஒரு நாவாய்ப்பூச்சிதான்.

ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள். உடலின் அடியில் மடித்து வைத்திருக்கும் அலகை நிமிர்த்தி, தட்டையான பழுப்பு விதையில் ஊன்றும். அலகுக்குள் மெல்லிய ஊசிகள் நான்கு. உள்ளே இரண்டு குழாய்கள்: ஒன்றின் வழியே இறங்கும் உமிழ்நீர் விதைப்பருப்பைக் கரைக்கிறது, கரைந்தது மற்றதன் வழியே மேலேறுகிறது. அதோடு நஞ்சும் ஏறுகிறது.

எருக்கலையின் நஞ்சான கார்டினோலைடுகள், உயிரணுவிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் புரதத்தில் ஒட்டி அதை முடக்குபவை. அது முடங்கினால் இதயத் துடிப்பு குலையும். இதய நோய்க்குத் தரும் டிகோக்சின் மருந்தும் இந்த வகையே. அளவு சற்று மிஞ்சினாலும் ஆபத்து. பூச்சியிலோ, நஞ்சு ஒட்டும் இடத்தில் அந்தப் புரதத்தின் அமினோ அமிலங்கள் சில மாறியிருக்கின்றன. நஞ்சால் அங்கே சரியாகப் பிடிக்க முடிவதில்லை. இத்தகைய செடிகளை உண்ணும் வண்டு, வண்ணத்துப்பூச்சி, நாவாய்ப்பூச்சி என வெவ்வேறு இனங்களில் இதே மாற்றம் தனித்தனியாக நிகழ்ந்திருப்பதை ஜெர்மனியின் சுசான் டோப்லர் குழு 2012இல் காட்டியது.

என்னை வியக்கவைப்பது அடுத்த கட்டம். இந்தக் குடும்பப் பூச்சிகள் நஞ்சை வெளியேற்றாமல் தோலுக்கடியில் தனி அறைகளில் சேமிக்கின்றன. பறவையோ வேறு பூச்சியோ கவ்வி அழுத்தினால் அது துளிகளாக வெளியே வரும். சிவப்பு நிறம் அதற்கான எச்சரிக்கை. ஒருமுறை கசந்து துப்பிய பறவை அந்த நிறத்தை மறக்காது. ஐரோப்பாவிலுள்ள இதன் உறவுப் பூச்சி ஒன்று கொல்சிக்கம் செடியிலிருந்து கொல்கிசினைச் சேர்த்துக்கொள்கிறது. நம் கார்த்திகைக் கிழங்கில் உள்ளதும் அதே நஞ்சுதான்.

பாழ்ச்செடி என்று எருக்கலையை வெட்டுமுன் காய்களைப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், பூச்சி கடித்துத் துரத்தாது. செடியின் பால் பட்ட கையால் கண்ணைத் தொடாமல், உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.