கடைக்கு வராத கணக்குப்பிள்ளை

நேற்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு எத்தனை மணி வரை கடைக்குள் உட்கார்ந்திருந்தீர்கள்? கல்லாவை எண்ணி, செல்போனில் வந்த பணத்தையும் ரொக்கத்தையும் தனித்தனியே எழுதி, ஏஜென்சி பில்களைக் கம்பியில் குத்தி, மறுநாள் எடுக்க வேண்டிய சரக்குக்குச் சிட்டை போட்டு முடிக்கும்போது பதினொரு மணி ஆகிவிடுகிறது. காலை ஐந்தரைக்குப் பால் வண்டி வந்து நிற்கும். இதற்கு நடுவில்தான் தூக்கம், குடும்பம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம்.

இந்த இரவு வேலையைக் கடைக்கு வராமலேயே, தன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் முன் அமர்ந்து ஒருவர் செய்து கொடுக்க முடியும். பட்டணத்து நிறுவனங்கள் இப்படிப்பட்டவரை 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்கின்றன. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சாயங்காலமானால் சைக்கிளில் வந்து, நான்கு கடைகளில் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேரேடு எழுதிவிட்டுப் போன பகுதி நேரக் கணக்குப்பிள்ளையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவரேதான் இவர். சைக்கிள் மட்டும் இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. துய்ப்ளேக்ஸ் துரைக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. அடுத்தவர் வியாபாரத்தைத் தம் வியாபாரம்போல் கவனித்து, கப்பல் வந்ததையும் சரக்கு இறங்கியதையும் அன்றன்றே எழுதி வைக்கும் பழக்கம் இந்த மண்ணுக்கு உண்டு. அது இருக்கட்டும், நம் காலத்துக்கு வருவோம்.

நல்லவாட்டில் நடந்தது

தவளக்குப்பத்திலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் நல்லவாடு. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைத் தலைமை இடமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பு உதவி செய்தது. கிராமம் இடம் கொடுக்க வேண்டும், ஊர்க்காரரே மையத்தை நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம் நடந்தது. நடத்தியவர்களில் பெண்கள் பலர். டெலிபோன் சரியாகக் கிடைக்காத அந்த நாட்களில் வில்லியனூரிலிருந்து ஒயர்லெஸ் மூலம் கிராமங்களுக்குச் செய்தி போனது. கரண்ட் நின்றால் சூரிய சக்தி கைகொடுத்தது.

போன செய்திகள் என்ன? தானிய விலை, பஸ் நேரம், அரசு உதவித் திட்டங்கள், ஆஸ்பத்திரி விவரம். வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியாகச் சொன்னார்கள். எங்கோ உட்கார்ந்து ஒருவர் சேகரிக்கிறார், இன்னொருவர் ஊருக்குப் புரியும்படி மாற்றுகிறார், மூன்றாமவர் ஒலிபெருக்கியில் சொல்கிறார். தூரத்து உதவியாளர் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று காலை சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியை அறிந்து ஊருக்குப் போன் செய்தார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும்தான் சேதமாயின.

வியாபாரக் கட்டுரையில் இதை ஏன் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூரிலிருந்து போன் வந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் போனை எடுக்க ஒருவரும், ஊரைக் கூட்ட ஒலிபெருக்கியும், சொன்னால் கேட்டுப் பழகிய மக்களும் முன்பே தயாராக இருந்தார்கள் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த மூன்றும் இல்லாத இடத்தில் போன் வந்து என்ன பயன்? தூரத்து உதவியாளரை அமர்த்தும் கடைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பில்லையே கடையில் வைக்காமல், கடன் கணக்கை மனதில் வைத்திருப்பவருக்கு லண்டனிலிருந்து உதவியாளர் கிடைத்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

எந்த வேலையைக் கொடுப்பது?

தராசில் நிற்பது, வாடிக்கையாளரிடம் இரண்டு வார்த்தை பேசுவது, அரிசி மூட்டையைக் குத்திப் பார்த்து வாங்குவது, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று முகம் பார்த்து முடிவு செய்வது ஆகியவை முதலாளியின் வேலை. இவற்றை யாருக்கும் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. காகிதமும் செல்போனும் மட்டும் போதும் என்ற வேலைகளை வெளியே தரலாம்.

அவற்றில் முதலிடம் ஜி.எஸ்.டி.க்கு. ஒரு சின்ன சம்பவத்தை நினைவுபடுத்துகிறேன். 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் மாறின. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. நெய், வெண்ணெய், மிக்சர் வகைகள் 12-லிருந்து 5-க்கு வந்தன. பில் போடும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடைகளில் நூற்றுக்கணக்கான பொருட்களுக்கு ஒரே இரவில் விகிதம் மாற்ற வேண்டியிருந்தது. பழைய இருப்புக்கு என்ன விலை என்று கவுண்டரில் தகராறு வேறு. வெளியூர் உதவியாளர் வைத்திருந்த கடையில் முதலாளி பட்டியலை அனுப்பிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். காலையில் மாற்றியாகி இருக்கும்.

மாதா மாதம் நடக்கும் வேலை இதைவிட முக்கியம். நமக்குச் சரக்கு கொடுத்த ஏஜென்சி, அந்தப் பில்லைத் தன் கணக்கில் ஏற்றினால்தான் நமக்கு உள்ளீட்டு வரி கிடைக்கும். 2022 ஜனவரி முதல் இதுதான் சட்டம். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி 2-பி என்ற அறிக்கை வந்துவிடும். அதையும் நம் கம்பியில் குத்திய பில்களையும் வரி வரியாக ஒப்பிட வேண்டும். ஒரு லட்ச ரூபாய் பில்லுக்கு 5 சதவீதம் என்றாலும் 5,000 ரூபாய். ஏஜென்சிக்காரர் ஏற்ற மறந்தால் அது ஏறும் வரை நம் கைக்காசு முடங்கும். நம்மில் எத்தனை பேர் இதை ஒப்பிடுகிறோம்? ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறோம். அவரிடம் இருநூறு கடைகள் இருக்கும். பில் விடுபட்டதை அவர் 20-ஆம் தேதி சொல்வார். உதவியாளர் 15-ஆம் தேதியே ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார். (இணக்க வரி என்னும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த உள்ளீட்டு வரி கிடையாது. அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) 3-பி தாக்கல் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத காலத்துக்கு 20 ரூபாய் என்று தாமதக் கட்டணம் ஏறும். பாக்கி வரிக்கு வட்டி 18 சதவீதம்.

அடுத்தது கம்பெனிகளிடம் வர வேண்டிய பணம். காலாவதிச் சரக்கு, உடைந்த டப்பா, பத்துக்கு ஒன்று இலவசம் என்று சேல்ஸ்மேன் வாயால் சொல்லிவிட்டுப் போன ஸ்கீம் எல்லாம் எழுதி வைத்து மூன்று முறை கேட்டால்தான் வரும். நமக்குக் கேட்க நேரமில்லை என்பது சேல்ஸ்மேனுக்கும் தெரியும். வாரம் ஒரு நாள் போட்டோ அனுப்பி, பட்டியல் போட்டு, விடாமல் கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும்.

வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைச் சொல்ல வேண்டியதில்லை. "அண்ணே, உளுந்து ரெண்டு கிலோ, துவரம்பருப்பு ஒண்ணு, பையன அனுப்புறேன்" என்று பேசி அனுப்பிய செய்திகளை எழுத்தில் மாற்றிப் பட்டியலாகக் கடைப் பையனுக்கு அனுப்பலாம். ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வேறு கம்ப்யூட்டரிலும் திறக்கும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் குடும்பத்து எண்ணை இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். கடைக்குத் தனி எண் வாங்குங்கள். இணைத்தவர் கண்ணில் நம் வீட்டுப் பேச்செல்லாம் படும்.

செலவுக்குக் கட்டுமா?

இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். உதாரணத்துக்கு, தினம் ஒரு மணி நேர வேலைக்கு மாதம் 4,000 ரூபாய் பேசுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மளிகையில் சராசரி லாபம் 8 சதவீதம் என்றால், அந்த 4,000-ஐ எடுக்க மாதம் 50,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். தூரத்து உதவியாளர் வந்ததால் கிராமத்துக் கடையில் விற்பனை அப்படி ஏறும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். விற்பனையை ஏற்றுவதற்கு அல்ல, ஒழுகுவதை அடைப்பதற்குத்தான் இவர். விடுபட்ட உள்ளீட்டு வரி, கேட்காமல் விட்ட ஸ்கீம், தாமதக் கட்டணம், மறந்துபோன கடன் பாக்கி ஆகிய நான்கையும் மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கூட்டுத்தொகை மாதம் 4,000-ஐத் தாண்டினால் ஆள் வையுங்கள். தாண்டாவிட்டால் உங்கள் கடைக்கு இப்போது தேவையில்லை. தினம் பத்தாயிரத்துக்குள் வியாபாரம் செய்யும் கடைக்கு, பள்ளி முடித்த மகளோ மகனோ வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே போதும் என்பது என் கருத்து.

மொத்த வியாபாரிகளின் நிலை வேறு. பாகூர், வில்லியனூர் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்கு நூறு இடங்களில் கடன் கொடுத்திருப்பவருக்குப் பாக்கியை நினைவூட்டும் வேலை ஒன்றே ஒருவருக்குப் போதுமானது. அதையும் மரியாதையாகச் செய்ய வேண்டும். "எப்ப தர்றீங்க?" என்று அறிமுகமில்லாத குரல் போனில் கேட்டால் இருபது வருட வாடிக்கை போய்விடும். முதல் முறை நீங்களே அறிமுகம் செய்து வையுங்கள்.

யாரை வைப்பது?

கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. பெங்களூரிலிருந்தும் ஆள் கிடைக்கும். ஆனால் நம் பகுதியை அறிந்தவராக இருப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. சரக்கு மட்டும் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம். புதுச்சேரியில் அது 20 லட்சம்தான். கடலூர்ப் பக்கம் கணக்கு எழுதிப் பழகியவர் அங்குள்ள நினைப்பில் "உங்களுக்குப் பதிவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் மாட்டுவது நாம்தான்.

பி.காம். படித்துவிட்டு, குழந்தையை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் பெண்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். 1998-ல் தகவல் மையங்களை நடத்திக் காட்டியவர்களும் இப்படிப்பட்ட உள்ளூர்க்காரர்களே. 2007 முதல் டெசிக்ரூ என்ற நிறுவனம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இளைஞர்களை வைத்துப் பெரிய கம்பெனிகளின் ஆபீஸ் வேலையைச் செய்து கொடுத்தது. பெரிய கம்பெனிக்குச் செய்ய முடிந்தவர்களால் மளிகைக் கடைக்கு முடியாதா? நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒருவரை வைத்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் பிரித்துக்கொள்ளலாம். ஒரே பொருளில் போட்டியாக இருப்பவர்கள் மட்டும் சேர வேண்டாம். உங்கள் கொள்முதல் விலை எதிர்க் கடைக்குத் தெரிந்தால் பிறகு மனக்கசப்புதான்.

பணத்துக்கும் ஆளுக்கும் இடையே சுவர் இருக்க வேண்டும். பழைய கணக்குப்பிள்ளை பேரேட்டைத் தொடுவார், கல்லாவைத் தொடமாட்டார். இவரும் அப்படித்தான். பேங்க் பாஸ்வேர்டு, யு.பி.ஐ. ரகசிய எண், செல்லுக்கு வரும் ஓ.டி.பி. ஆகிய மூன்றையும் யாருக்கும் சொல்லக் கூடாது, எவ்வளவு நெருங்கிய உறவானாலும். கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதிக்கும் வசதி உங்கள் பேங்கில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாதக் கணக்கு விவரத்தை நீங்களே எடுத்து அனுப்புங்கள். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும்போது வரும் ஓ.டி.பி.யை, தொகையைப் படித்துப் பார்த்த பிறகே நீங்களே போடுங்கள். கையெழுத்து நம்முடையது. நோட்டீஸ் வந்தாலும் நம் பெயருக்குத்தான் வரும்.

வேலைக்கு வருபவரோடு ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்தத் தேதியில் சம்பளம், கணக்கு விவரம் வெளியே போகக் கூடாது, நின்றால் எல்லாக் கணக்கையும் திருப்பித் தர வேண்டும் என்பவை இருந்தால் போதும். விலகியவுடன் பாஸ்வேர்டுகளை அன்றே மாற்றிவிடுங்கள். சம்பளத்தை ஐந்தாம் தேதிக்குள் கொடுங்கள். கண்ணுக்கு எதிரே நிற்காத ஆள் என்பதால் பாக்கி வைப்பது சுலபமாகத் தோன்றும்.

இப்போது மனிதரே இல்லாமல் கம்ப்யூட்டரே பதில் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது. கடிதம் எழுத, விலைப் பட்டியல் அழகாகப் போட உதவும். ஆனால் "நாளைக்கு அமாவாசை, பூசணிக்காய் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், நம் கடையில் இருக்கிறதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம் இருப்பை எழுதி வைத்திருந்தால்தான் சொல்லும். மறுபடியும் நல்லவாட்டு ஒலிபெருக்கிக்கே வந்து நிற்கிறோம்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. வரும் முதல் தேதியிலிருந்து கொள்முதல் பில் ஒவ்வொன்றையும், சரக்கு இறங்கிய அன்றே செல்போனில் ஒரு போட்டோ எடுத்துத் தேதிவாரியாக வையுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். ஒரு மாதம் விடாமல் இதைச் செய்ய முடிந்தால், ஆள் தேடும் வேலையைத் தொடங்கலாம்.