ஓய்வு யாருக்கு?

நீலசந்திராவில் விடியற்காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்குவோர் இரு வகையான முதியோரைக் காண்பர். கம்பளிக் குல்லாயும் கழுத்துத் துண்டுமாக, கையை வீசி உலாவப் புறப்படும் ஆடவர் ஒரு வகை. வாசல் தெளித்துக் குனிந்து கோலமிடும் அவர்தம் மனைவியர் மற்றொரு வகை. முன்னவருக்கு இன்ன ஆண்டு, இன்ன நாள் முதல் ஓய்வு என்று நிருவாகம் எழுத்து மூலம் அறிவித்திருக்கிறது. மாலையிட்டு, சால்வை போர்த்தி, புகைப்படமும் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. பின்னவருக்கு அத்தகைய கடிதம் எதுவும் வந்ததில்லை.

பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்த நம் தமிழ்க் குடும்பங்களில் ஓய்வுக்காலம் எவ்வாறு கழிகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பெங்களூருக்கு ‘ஓய்வூதியர் சொர்க்கம்’ என்னும் பெயர் முன்னாளில் உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், குளிர்ந்த மாலை, மரம் அடர்ந்த சாலை. இவற்றைக் கருதியே பெரிய உத்தியோகஸ்தர்கள் பலர் இங்கு வீடு கட்டிக்கொண்டனர். நம்மவர் வந்தது அந்தச் சொர்க்கத்துக்காக அன்று. 1809ஆம் ஆண்டில் இங்கே தண்டு அமைந்தபோது படையை ஒட்டி வந்த வணிகரும் தொழிலாளரும் முற்பட்டோர். 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று ஆலைகள் ஒவ்வொன்றாக எழுந்த காலத்தில் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்தோர் பிற்பட்டோர். (நீலசந்திரா என்னும் பெயரில் நிலவைத் தேடுவோர் ஏமாறுவர். ‘சந்திரா’ என்று நாம் ஒலிப்பது ‘சந்த்ர’ என்னும் கன்னட ஈறு. அது ‘சமுத்திரம்’ என்பதன் சிதைவு என்பர். ஏரி என்று பொருள்.)

ஓய்வு பெற்றோர் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதும் தவறு. மத்திய அரசில் 60 வயது வரை பணியாற்றி, அகவிலைப்படியோடு ஓய்வூதியம் பெறுவோர் சிலர். தனியார் ஆலையில் உழைத்து, 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தை நம்பி நிற்போர் பலர். அத்திட்டத்தில் குறைந்த அளவு மாதம் 1000 ரூபாயாவது தரவேண்டும் என்ற விதியே 2014 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு இந்நகரில் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவது பலருக்குப் பரிகாசமாகவே தோன்றும். அறுபது வயதில் ஆலையை விட்டவர், அடுத்த மாதமே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிலில் காவற்காரராய் அமர்வதை நாம் காணாமல் இல்லை. அவருக்கு ஓய்வு என்பது சீருடையின் நிறம் மாறுவது மட்டுமே.

வருவாய் ஓரளவு போதுமான இல்லங்களைப் பார்ப்போம். முதல் மாதம் இன்பமாய்க் கழியும். தமிழ் நாளிதழை முதல் வரியிலிருந்து அச்சிட்டவர் பெயர் வரையில் படிப்பார். உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்வார். மூன்றாம் மாதத்தில் தொல்லை தொடங்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் மேற்பார்வை செய்து பழகிய கண்கள் வேறு இலாகா இல்லாமல் சமையலறையை நோக்கித் திரும்பும். எரிவாயு உருளை ஏன் இருபத்தெட்டு நாளில் தீர்ந்தது? கொத்துமல்லியை ஜான்சன் மார்க்கெட்டில் வாங்கினால் என்ன? வெந்நீர் வைத்த அடுப்பை அணைத்தாயிற்றா? கேட்கிறவர் அன்போடுதான் கேட்கிறார். எனினும், நாற்பது ஆண்டுகளாக எவரும் கேள்வி கேளாமல் ஓர் ஆட்சியை நடத்தி வந்த அம்மையாருக்கு அது எப்படி இருக்கும்?

அந்த ஆட்சியின் பளுவை அரசே ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறது. 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் கூலியில்லாத அவ்வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்கள் செலவிடுகின்றனர். அவ்வாறு ஈடுபடும் ஆடவர் செலவிடுவது 97 நிமிடங்கள். அதிலும், வீட்டுவேலையில் கைவைக்கும் ஆடவரே நூற்றுக்கு 26 பேர்தாம். கணவருக்கு ஓய்வு வந்தபின் மனைவியின் வேலை குறைவதில்லை என்பதையும், பகல் உணவும் இரண்டு வேளைக் காப்பியும் புதிதாகச் சேருகின்றன என்பதையும் கணக்கெடுப்பு இல்லாமலே நாம் அறிவோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கடம் அன்று. வேலையை விட்ட ஆடவர் வீட்டில் செய்வதறியாது இருப்பதை மேல்நாட்டாரும் கண்டு, அதற்கு வழி தேடியிருக்கின்றனர். ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும் நாடு அது. அங்கே பல ஊர்களில் ‘ஆடவர் கொட்டகை’ என்னும் பொதுப் பட்டறைகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் தோன்றிய இவ்வழக்கம், அபர்தீன் நகரை அடுத்த வெஸ்ட்ஹில்லில் ஸ்காட்லாந்தின் முதற் கொட்டகையாக வேர்கொண்டது. ஓய்வு பெற்றோர் அங்குக் கூடி மரவேலை செய்கின்றனர். பழுதான நாற்காலியைச் சீர்செய்கின்றனர். தேநீர் அருந்திப் பேசுகின்றனர். தோட்டத்தில் விருப்பமுள்ள தம்பதியருக்கு நகராட்சி குத்தகை நிலம் தரும் வழக்கமும் அங்கே உண்டு. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய நிலத்தின் பொது அளவை 250 சதுர மீட்டர் என்று வகுத்தது. நம் பக்கத்து இருபதுக்கு முப்பது அடி மனைகள் நான்கு அதில் அடங்கும் என்று சொன்னால், நீலசந்திரா வாசிகளுக்குப் பெருமூச்சு வரும். அங்கே பெண்ணின் ஓய்வுக்கும் அரசு ஒரு தேதி குறித்திருக்கிறது என்பது, என் மட்டில், நிலத்தைவிடப் பெரிய செய்தி. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறாக இருந்த அரசு ஓய்வூதிய வயது அந்நாட்டில் 2018இல் ஒன்றாயிற்று.

நம்மிடம் கொட்டகை இல்லை. ஆனால் கை இருக்கிறது. ஆலையில் பிட்டராகவும் டர்னராகவும் இருந்தவருடைய கைத்திறன் ஓய்வு நாளோடு போய்விடுவதில்லை. நவராத்திரிக்குக் கொலுப்படி கோப்பது, கிறிஸ்துமஸுக்குக் குடில் அமைப்பது, சிறு மின்விளக்குகளால் தெப்பக்குளமும் பூங்காவும் செய்வது ஆகியவற்றில் அத்திறன் வெளிப்படும். கொலுவில் காஞ்சிபுரத்து மண் பொம்மைக்கு அருகே சென்னபட்டணத்து அரக்கு மர பொம்மை நிற்பது பெங்களூர்த் தமிழர் வீடுகளுக்கே உரிய அழகு. படியைக் கணவர் அமைக்க, பொம்மையை மனைவி அடுக்க, இருவரும் ஒருவரை ஒருவர் குறைகூறிக்கொண்டே செய்யும் அந்தப் பத்து நாள் வேலை, மற்ற நாள்களிலும் வேண்டும் என்பதே என் கருத்து.

மாடித் தோட்டம் அதற்கு ஏற்றது. உடைந்த வாளியும் பழைய எண்ணெய்த் தகரமும் போதும். கனகாம்பரம், கற்பூரவல்லி, துளசி ஆகியவற்றோடு ஒரு சௌசௌக் கொடியையும் பந்தலில் ஏற்றலாம். அதன் கதை நமக்கு நெருக்கமானது. மெக்சிகோ நாட்டில் பிறந்த அக்கொடியை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லால்பாக்கைப் பராமரித்த ஜான் கேமரன் இங்குக் கொண்டுவந்து பரப்பினார். மண் அதற்கு ஒத்துக்கொண்டது. இன்று தமிழ்நாட்டில் அதற்குப் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்றே பெயர்.

லால்பாக் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ஐதர் அலி 1760ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தோட்டத்தில், குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க் கண்காட்சி நடக்கும். அடிக்கல் 1889இல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறைமீது அமர்ந்து கட்டுச்சோறு உண்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பேருந்தில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. 2023 ஜூன் 11 முதல் கர்நாடக முகவரியுள்ள பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை. முதிய ஆடவருக்கு நூற்றுக்கு 25 தான் சலுகை. ஆயுள் முழுவதும் மனைவிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவர், இப்போது தமக்கு மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். அம்மையார் தனியே அல்சூர் வரை சென்று, தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு நாவலைப் படித்துவிட்டு வரவும் இச்சலுகை வழி செய்திருக்கிறது. கேள்வி ஒன்றுதான்: அன்று பகல் உணவுக்கு உலை வைப்பவர் யார்?

இனி, நம் குடும்பங்களில் ஓய்வு நாளுக்கு முன்பே எழும் பெரிய விவாதத்துக்கு வருவோம். இந்தச் சிறு வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே திரும்பிவிடுவதா, இங்கேயே இருந்துவிடுவதா? 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தைக் கண்ட தலைமுறைக்கு இவ்வினா வெறும் வரவு செலவுக் கணக்கு அன்று. விற்ற பணத்தில் ஊரில் தோட்டத்தோடு வீடு கட்டலாம் என்பதும் உண்மை. போக்குவரத்துச் செலவும் எண்ணத்தக்கது. ரயிலில் முதிய ஆடவருக்கு நூற்றுக்கு 40, பெண்டிருக்கு 50 என்றிருந்த சலுகை, பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

இந்த விவாதத்தில் ‘ஊர்’ என்று ஓயாமல் பேசுவது பெரும்பாலும் கணவர். அவர் நினைவில் உள்ள ஊர், அவர் பதினெட்டு வயதில் விட்டு வந்த ஆற்றங்கரையும் பள்ளித்தோழரும். மனைவிக்கோ அது புகுந்த வீட்டார் ஊர். திருமணம் முடித்துச் சில திங்களே அங்கு இருந்திருப்பார். பிறந்த ஊரை ஒருமுறை விட்டு வந்தவர் அவர். பின்னர் இத்தெருவில் கன்னடமும் உருதும் தெலுங்கும் பேசும் அண்டை வீட்டாரிடம் சைகையில் தொடங்கி, அவர்கள் மொழியிலேயே சண்டையிடும் அளவுக்குத் தேர்ந்து, மகப்பேற்றுக்கும் சாவுக்கும் துணை நின்று, தமக்கென ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டவரும் அவரே. கணவர் ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே போய்வந்த முப்பத்தைந்து ஆண்டுகளில், நீலசந்திராவில் வாழ்ந்தவர் மனைவிதான். அவரைக் கேளாமல் முன்பணம் கொடுத்து, பத்திரம் எழுதும் நாளில் கையொப்பத்துக்கு மட்டும் அழைப்பது முறையன்று.

திரும்பத்தான் வேண்டும் என்று இருவரும் கருதினால், வீட்டை உடனே விற்காமல் பூட்டி வைத்து, ஊரில் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, இரவில் நெஞ்சு வலித்தால் மருத்துவமனை எவ்வளவு தொலைவு, மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பேச அம்மையாருக்கு யார் இருக்கிறார்கள் என்பவை அப்போது தெரியவரும். வேலூர்ப் பக்கம் செல்வோர் தை மாதத்தில் அன்று, சித்திரையில் சென்று இருந்து பார்ப்பது நலம்.