பழைய பேட்டரி காருக்கு வீட்டில் உயிர் கொடுக்கும் முன்

ரிசார்ட், மருத்துவமனை வளாகம், கல்லூரி, ரயில் நிலைய நடைமேடை என்று பல இடங்களில் பேட்டரி கார்களைப் பார்க்கிறோம். கோல்ஃப் மைதானத்துக்காக உருவான மின் வண்டிதான் இவற்றுக்கு முன்னோடி. பேட்டரி தேய்ந்ததும் நிர்வாகங்கள் வண்டியைக் கழித்துவிடுகின்றன. ஏலத்திலோ காயலான் கடையிலோ அதை வாங்கி, வீட்டு வாசலிலேயே பிரித்துப் போட்டுச் சரிசெய்ய ஆர்வலர்கள் பலர் முன்வருகிறார்கள். வரவேற்க வேண்டிய ஆர்வம்தான். ஆனால், “பெட்ரோல் கிடையாது, மெதுவாகத்தான் போகும், 48 வோல்ட்தானே” என்ற அலட்சியமும் கூடவே வந்துவிடுகிறது. வீட்டில் நடக்கும் விபத்துக்கும் வீதியில் வரும் வழக்குக்கும் அந்த அலட்சியமே காரணம்.

வாங்கும்போது

ஏலத்தில் எடுத்தாலும் கடையில் வாங்கினாலும் வண்டியின் வரிசை எண் குறித்த ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். “உள்ளது உள்ளபடி” என்று எழுதி விற்றால், பார்த்தால் தெரியும் குறைகளுக்குப் பிறகு பேச்சில்லை. அதனால் இருக்கையைத் தூக்கி, பேட்டரித் தட்டையும் அடிச்சட்டத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆசிட் கசிந்து அரித்த இரும்புச் சட்டத்தைப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கலாம். தெரிந்த குறையை வேண்டுமென்றே மூடி மறைத்து விற்பது, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி மோசடி. அப்படி ஏமாந்தவருக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரும் உரிமை உண்டு. விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் உறுதிமொழிகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். நாளை அவைதான் சாட்சி.

பேட்டரியில் கை வைக்கும்போது

பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஈய-அமில பேட்டரிகள்தான். 36 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் பேட்டரி ஆறு. 48 வோல்ட் வண்டியில் 8 வோல்ட் ஆறு அல்லது 12 வோல்ட் நான்கு. 6 வோல்ட் பேட்டரி ஒன்றே சுமார் 28 கிலோ இருக்கும். தனி ஆளாகத் தூக்க வேண்டாம்.

48 வோல்ட் ‘ஷாக்’ அடிக்காது என்பார்கள். உலர்ந்த கையில் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆபத்து மின்னோட்டத்தில் இருக்கிறது. கை தவறிய ஸ்பேனர் இரண்டு டெர்மினல்களுக்குக் குறுக்கே விழுந்தால் அந்தக் கணமே பல நூறு ஆம்பியர் பாய்ந்து, இரும்பு செக்கச் சிவந்து உருகும், தீப்பொறி பறக்கும். விரலில் மோதிரம் இருந்தால் அதற்கும் அதே கதிதான். எனவே மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வண்டியில் ‘டோ’, ‘ரன்’ என்ற சுவிட்ச் இருந்தால் ‘டோ’ நிலைக்கு மாற்றுங்கள். மைனஸ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். மூடிய கார் ஷெட்டிலோ படுக்கையறையை ஒட்டிய இடத்திலோ சார்ஜ் போடக் கூடாது. பூஜை விளக்கு, பீடி, வெல்டிங் எதுவும் அருகே ஆகாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். அந்த நாற்றம் தருவது நச்சு வாயு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சார்ஜருக்கு எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தேவை. அந்த இணைப்பில் மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருப்பது உயிர் காக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். ஆசிட் கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் 20 நிமிடமாவது இமையைத் திறந்து பிடித்துக் கழுவிக்கொண்டே 108ஐ அழையுங்கள். ஆப்ப சோடா தரையில் சிந்திய ஆசிட்டுக்கு மட்டும்தான். கண்ணில் போடக் கூடாது. டெர்மினலில் பூத்திருக்கும் பொடியில் ஈயம் கலந்திருக்கும். அதை உலர்ந்த துணியால் தட்டிப் பறக்கவிடாமல் ஈரத்தோடு துடைத்தெடுங்கள். வேலை செய்த உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். குழந்தைகளின் உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

எந்த பேட்டரி செத்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். முழுச் சார்ஜுக்குப் பிறகு சில மணி நேரம் ஓய்வில் விட்டு மல்டிமீட்டரை வைத்தால், நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். 10.5 காட்டினால் ஒரு செல் போய்விட்டது. செத்த ஒன்றை மட்டும் மாற்றிப் புதியதைப் பழையவற்றோடு கோர்த்தால், பழையதன் பலவீனம் புதியதையும் சீக்கிரம் தின்றுவிடும். லித்தியத்துக்கு மாறுபவர்கள் சார்ஜரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஈய-அமில சார்ஜரில் லித்தியம் பேட்டரியைப் போடுவது தீயை வரவழைப்பதற்குச் சமம்.

பிரேக்கும் வேகமும்

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து முழு வேகம் கொடுத்துப் பார்ப்பதும் ஆபத்து. பழைய வண்டிகள் பலவற்றில் உள்ள ‘சீரிஸ்’ டிசி மோட்டார், பளு இல்லாவிட்டால் கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்று உள்ளேயே சிதறிவிடலாம். பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. கதவோ சீட் பெல்ட்டோ இருக்காது. அப்படிப்பட்ட வண்டியின் கன்ட்ரோலரை மாற்றி வேகத்தைக் கூட்டினால், ஒரு திருப்பத்திலேயே ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை வெளியே விழுந்துவிடும்.

வீதியில் இறங்கினால்

ஆலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடும்படி அமைந்த வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு அளிக்கிறது. 250 வாட்டுக்குள் மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகமும் கொண்ட மின் வண்டிகளுக்கும் பதிவு தேவையில்லை. ஆனால் கோல்ஃப் வண்டியின் மோட்டார் கிலோவாட் கணக்கில் இருக்கும். எனவே பொதுச் சாலையில் பதிவு, காப்பீடு, உரிமம் மூன்றும் வேண்டும். பதிவில்லாமல் ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம். 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 199ஏ பிரிவு வழிசெய்கிறது. காப்பீடு இல்லாத வண்டி யாரையாவது இடித்தால், இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

“எங்கள் மனைப்பிரிவுக்குள்தானே ஓட்டுகிறோம்” என்பவர்களும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளின் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு எழுதித் தரப்படுகின்றன. கேட் போட்டிருந்தாலும் அது பொதுச் சாலைதான்.

பழைய பேட்டரி எங்கே போக வேண்டும்?

கழிவு பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது. சேகரிப்பு அல்லது மறுசுழற்சி செய்யும் நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022 இதை நுகர்வோரின் கடமையாகவே வைத்திருக்கிறது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையைக் கழித்து, ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குபவர்களிடம் கொடுத்தால், அந்தப் பகுதிக் குழந்தைகளின் ரத்தத்தில்தான் அது போய்ச் சேரும்.

ஏமாந்தால் என்ன வழி?

புது பேட்டரிக்கு வாரன்டி மறுக்கப்பட்டாலோ, கடைக்காரரின் பழுதுவேலை மோசமாக இருந்தாலோ, முதலில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

இரண்டு வரம்புகள் உண்டு. வாடகைக்கு விடும் வியாபாரத்துக்காக வாங்கினால் பொதுவாக நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. அடுத்து, பொருளை மாற்றியமைத்திருந்த நிலையில் விபத்து நேர்ந்தால், விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆவது பிரிவு சொல்கிறது. ஒயரிங்கில் கைவைக்கும் முன் அதைப் படம் எடுத்துத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். எந்தப் பாகத்தை மாற்றினீர்கள், எதைத் தொடவில்லை என்பதை நிரூபிக்க வேண்டிய நாள் வந்தால் அந்தப் படமே உங்கள் பக்கம் பேசும்.