கத்தியின் வளைவுக்கேற்ற சாணை

மழுங்கிய கத்தி என்பது வாய் உருண்டுபோன கத்தி. இரு பக்கச் சரிவுகளும் சேரும் கோடு மெல்லியதாக இருக்கும்வரை கையின் சிறு விசையும் மிகக் குறைந்த பரப்பில் குவிந்து வெட்டும். கோடு உருண்டால் விசை பரவிவிடும்; தக்காளி நசுங்கும். சாணைக்கல் உருண்ட எஃகைத் தேய்த்தெடுத்து, சரிவுகளை மறுபடி ஒரே கோட்டில் சேர்க்கிறது. அதற்குச் சாய்கோணம் மாறாமல் இருக்க வேண்டும்.

எல்லாக் கத்திக்கும் கூர் தேவை என்பதும் இல்லை. ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடிவரை நீளும் தோல் வட்டாரத்தின் பழைய கைவேலையே இதற்குச் சான்று. சுண்ணாம்பில் ஊறிய தோலின் மயிரை வழிக்கும் இருபிடிக் கத்தியை மழுக்கமாகவே வைத்திருப்பார்கள். கூராக இருந்தால் தோலின் மேற்பரப்பு கீறிப் பாழாகும். அடுத்துச் சதையை நீக்கும் கத்திக்குத்தான் கூர் வேண்டும். இவ்வேலைகளைப் பெரும்பாலும் இயந்திரங்களே இன்று செய்கின்றன.

வீட்டில் எளிதானது நேரான கத்தி. பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை போதும். 4 செ.மீ. அகலமுள்ள கத்தியின் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. உயர்ந்திருந்தால் அது 15 பாகை. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கத்தில் நெடுக மெல்லிய பிசிறு எழும். அது விரலுக்குத் தட்டுப்பட்டால் வாய்வரை தேய்ந்துவிட்டது என்று பொருள், கத்தியைத் திருப்பலாம்.

முனையருகே வளையும் இறைச்சிக் கத்தியில்தான் பலரும் தவறுகிறார்கள். வளைவை நெருங்கும்போது கைப்பிடியைச் சற்றே உயர்த்தாவிட்டால் முனை கல்லைத் தொடாது, மழுக்கமாகவே நின்றுவிடும். உள்வளைவுள்ள அரிவாள்மனைக்குத் தட்டைக்கல் உதவாது. உருளைக் கல்லே உள்ளே பொருந்தும். செருப்புத் தோலின் ஓரம் சீவும் ஒருபக்கச் சரிவுக் கத்தியில் சரிவுப் பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும். மறுபக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து இழுப்பது பிசிறை எடுக்க மட்டுமே.

கடைசி மெருகு தோல்பட்டையில். வாய் பின்தங்கி வருமாறு, முதுகுப்புறமாக இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் பட்டை அறுபடும். காலணியின் மேல்பாகத்துக்குப் பயன்படும் குரோம் தோல் மெத்தென்றிருப்பதால், வாய் அதில் அமிழ்ந்து உருளக்கூடும். ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பட்டைகளால் பதனிட்ட கெட்டித் தோலைப் பலகையில் ஒட்டிப் பயன்படுத்துவதே மேல். அதன்மேல் பூசும் பச்சைப் பசையில் இருப்பது குரோமியம் ஆக்சைடு. தோல் பதனிடும் குரோமிய உப்பைப் போலவே அதுவும் மும்மதிப்புக் குரோமியச் சேர்மம்.