லேயில் ஒரு சித்திரை

நமக்கெல்லாம் சித்திரை என்றால் வெயில். தில்லியில் முப்பத்தைந்து ஆண்டுகளை ஓட்டிவிட்ட என் போன்றவர்களுக்கு அது கூலரை இறக்கித் துடைத்து, பழைய புல் தட்டியை மாற்றி, தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் மாதம். ஆகவே 2024 ஏப்ரலில் லேயிலிருந்து மகள் தொலைபேசியில், “அப்பா, ஸ்வெட்டர், குல்லா, கையுறை எல்லாம் எடுத்துட்டு வாங்க” என்றபோது என் மனைவி நம்பவில்லை. “இளவேனில் காலம்தானே, எதுக்கு இவ்வளவு மூட்டை?” என்று பாதியை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். அந்தப் பாதிக்காக லே கடைத்தெருவில் நான் கொடுத்த விலையை இங்கே எழுதப்போவதில்லை.

மாப்பிள்ளைக்கு மத்திய அரசு வேலையில் லடாக்குக்கு மாற்றலாகி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. சங்ஸ்பா பகுதியில் ஒரு லடாக்கியர் வீட்டின் மாடியில் குடியிருந்தார்கள். ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் போய் இறங்கினோம். லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 11,500 அடி. முதல் இரண்டு நாள் நடமாட்டமே கூடாது, படுத்திருக்க வேண்டும் என்பது விதி. இதை வழியெல்லாம் மனைவிக்குப் பாடமாக நடத்திக்கொண்டு போனவன் நான். அங்கே தலைவலியில் சுருண்டு படுத்தவனும் நான்தான். அவள் ஒரு மணி நேரத்தில் சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே தவிர, அதில் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் சோறும் கிடையாது. இட்லி மாவைக் கம்பளியில் சுற்றி, புகாரி என்கிற தகர அடுப்பின் பக்கத்தில் குழந்தையைப் போலப் படுக்க வைத்திருந்தாள் மகள். இரண்டு நாள் ஆகுமாம் பொங்க.

மறுநாள் மதியம்தான் மொட்டை மாடிக்கு ஏறி ஊரைப் பார்த்தேன். வானம் கருநீலம். சுற்றிலும் புல் பூண்டு இல்லாத மண்நிற மலைகள், அவற்றுக்கு மேலே வெள்ளைச் சிகரங்கள். வெயிலில் உட்கார்ந்தால் கன்னம் எரிகிறது. நாற்காலியை இரண்டடி தள்ளி நிழலில் போட்டால் பல் கிட்டுகிறது. கால் நிழலிலும் தலை வெயிலிலும் இருப்பவனுக்கு இரண்டு வியாதியும் ஒன்றாக வரும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

இமயமலை பருவமழை மேகங்களைத் தெற்கேயே தடுத்துவிடுவதால் லடாக் பாலைவனமாகிவிட்டது. லேயில் ஆண்டு முழுவதும் மழையும் பனியும் சேர்த்துச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். நான் பிறந்தது முதுகுளத்தூர் பக்கம். எங்கள் சீமையைத்தான் எல்லாரும் வறண்ட சீமை என்பார்கள். லேயைப் பார்த்தபின் எனக்கு அந்தப் பேச்சில் கொஞ்சம் கூச்சம் வந்துவிட்டது.

சித்திரை முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பேரன் வந்து போர்வையை இழுத்தான். “தாத்தா, எல்லாம் வெள்ளையா இருக்கு!” முந்தின நாள் மாலையே மேகம் மூடியிருந்தது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி மேற்கே ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வரும் இந்தக் காற்றுச் சலனங்கள் தில்லிக்காரர்களான நமக்கும் தெரிந்தவைதான். மாசி, பங்குனியில் நம் மாடியில் காயும் வடகத்தை நனைப்பவை. அங்கே அவை பனியாக இறங்குகின்றன. வேப்பம்பூவும் இல்லை, மாங்காயும் இல்லை. தில்லியிலிருந்து கொண்டுபோன வேப்பம்பூப் பொடியோடு, மாங்காய்க்குப் பதில் ஆப்ரிகாட் வற்றலைப் போட்டுப் பச்சடி செய்தாள் மனைவி. குறை சொல்லும்படி இல்லை.

வீட்டுக்காரப் பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. தாத்தாவை அங்கே ‘மெமே’ என்கிறார்கள். நாம் ‘ங்க’ சேர்ப்பது போல மரியாதைக்கு ஒரு ‘லே’ சேர்க்க வேண்டும். மெமேலே காலையிலேயே மரப் பலகையோடு கூரையில் நின்று பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பாப்லர் மரக் கட்டைகள், வில்லோ மிலார்கள், மேலே மண். இதுதான் பழைய வீடுகளின் தட்டைக் கூரை. பனியைத் தாங்கும், உருகிய ஈரத்தைத் தாங்காது. 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பில் லேயில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப்பிறகு மேகம் இறங்கினால் கூரையைப் பார்க்காமல் தூங்குவதில்லை என்றார் மெமேலே, ராணுவத்தாரோடு பழகிக் கற்ற இந்தியில்.

“பனி விழுந்ததே, விவசாயத்துக்கு நல்லதுதானே?” என்று கேட்டேன்.

“இது மத்தியானத்துக்குள் போய்விடும். டிசம்பர், ஜனவரியில் விழுந்திருக்க வேண்டும். அப்போது விழவில்லை.”

அந்தப் பதிலின் கனம் செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் புரிந்தது. திங்களும் மூட்டமாக இருந்து, செவ்வாயன்று பளீரென்று விடிந்தது. வீட்டுக்குப் பின்னால் அவருடைய படிக்கட்டு வயல்களில் பனி கரைந்து, மண் கறுத்துக் கிடந்தது. பார்லி விதைக்க வேண்டிய காலம் நெருங்கிவிட்டது. ஆனால் உயரத்தில் உள்ள பனியாறுகள் ஜூன் மாதத்தில்தான் நன்றாக உருகும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஓடையில் வரும் கொஞ்ச நீர்தான் விதைப்புக்கு. குளிர்காலப் பனி ஏமாற்றிய ஆண்டில் அந்தக் கொஞ்சமும் குறையும். ஜூனில் வெள்ளமாக வந்தாலும் பயனில்லை. அங்கே வெயில் காலம் குறுகியது, பிந்தி விதைத்தால் கதிர் முற்றும்முன் குளிர் வந்துவிடும்.

இந்த இரண்டு மாத இடைவெளியை அடைக்கத்தான் செவாங் நோர்பெல் என்ற லடாக்கி சிவில் எஞ்சினியர் செயற்கைப் பனியாறுகளைக் கட்டினார். குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்கத் திறந்து விட்ட தண்ணீர், மெதுவாக ஓடிய இடத்தில் நிழலில் உறைந்து கிடந்ததைப் பார்த்துத் தோன்றிய யோசனையாம். குளிர்காலத்தில் வீணாகப் போகும் ஓடை நீரை நிழலான சரிவுக்குத் திருப்பி, கல் தடுப்புகளால் வேகத்தைக் குறைத்தால் அடுக்கடுக்காக உறையும். கிராமத்துக்குச் சற்று மேலேயே இருப்பதால் இயற்கைப் பனியாற்றுக்கு முன்பே, விதைக்கும் நேரத்தில் உருகும். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிறகு சோனம் வாங்சுக் அதே நீரைக் குழாயில் இறக்கிப் பீச்சி, கோபுரம் போல உறைய வைத்தார். கூம்பாக நிற்பதால் வெயில் படும் பரப்பு குறைவு, மெதுவாகக் கரையும். ஆனால் எல்லார் வயலுக்கு மேலேயும் இப்படி ஒன்று இல்லையே!

மெமேலேயின் வயல் வரப்பில் சிமெண்டுக் கற்கள் அடுக்கியிருந்தன. மகன் அந்த இடத்தில் விருந்தினர் விடுதி கட்ட வேண்டும் என்கிறானாம். சங்ஸ்பாவில் பலர் கட்டிவிட்டார்கள். தண்ணீர் சரியாக வராவிட்டால் அடுத்த ஆண்டு கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறார். விதைக்க நாள் பார்த்துச் சொல்வதற்கு ஜோதிடர் உண்டு. தண்ணீரை முறை வைத்துப் பிரிக்கச் சுர்போன் என்று கிராமத்தார் நியமித்த ஆள் உண்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் கண்மாயிலும் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். அவர் மண்வெட்டி போட்டாலன்றி யார் மடையிலும் நீர் ஏறாது. அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். சித்திரை முதல் நாள் எங்கள் அப்பா பொன்னேர் பூட்டுவார். அதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

“இப்போது உங்கள் நிலத்தில் என்ன விதைக்கிறீர்கள்?” என்று கேட்டார் மெமேலே.

“நெல்” என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இரவு, “ஏங்க அப்படிச் சொன்னீங்க? அங்கே கடைசியா நெல் போட்டது மாமா இருந்தப்பதானே?” என்று கேட்டாள். என் அப்பா போய் இருபத்திரண்டு ஆண்டுகள். நிலம் முழுக்கச் சீமைக்கருவேல். வரி மட்டும் கட்டி வருகிறேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை சஸ்போல் கிராமத்துக்குப் போனோம். வழியில் நிம்முவில் சிந்துவும் ஜான்ஸ்கரும் கலக்கும் இடத்தைப் பார்த்தோம். சஸ்போல் லேயைவிடத் தாழ்வு. அங்கே ஆப்ரிகாட் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. ஊரெல்லாம் மண் நிறமாக இருக்கையில் இந்தப் பூவைப் பார்ப்பது நம் கண்ணை நம்பாமல் பார்ப்பதுதான். ஞாயிறு, திங்கள் குளிரில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. பூத்த நேரத்தில் உறைபனி பிடித்தால் காய் பிடிக்காது. எவ்வளவு தப்பியது என்பது இனிமேல்தான் தெரியும் என்றார்கள்.

வியாழன் பிற்பகல் புழுதிக் காற்று. வெயிலில் காய்ந்த மொட்டை மலைச் சரிவுகளில் காற்று சூடாகி மேலே எழும்ப, பள்ளத்தாக்கின் வழியே காற்று பாய்ந்து வருகிறது. மதியத்துக்குமேல் பெரும்பாலும் இந்தத் தொல்லை உண்டு என்பதால் விமானங்கள் காலையிலேயே அதிகம். ஜன்னலை அடைத்தும் சாம்பாரில் மணல். வெள்ளிக்கிழமை மறுபடியும் மேகம் இறங்கி, எங்கள் விமானம் ரத்து. “இன்னும் ஒரு நாள் தாத்தா!” என்று பேரன் குதித்தான்.

சனிக்கிழமை விடியலில் மாப்பிள்ளை பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மெமேலே வாய்க்காலில் நின்று மடைக்குக் கல் எடுத்துக்கொண்டிருந்தார். அடியில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. அவர் முறை வருவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் துப்புரவு செய்து வைக்கிறார். அருகே போய், செவ்வாய்க்கிழமை சொன்னது பொய், என் நிலத்தில் முள்மரம்தான் மண்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். மனிதர் கோபிக்கவில்லை.

“அந்த மரத்துக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள்?”

“யாரும் இல்லை. தானாக வளர்கிறது. வெட்டிக் கரி சுடுவார்கள்.”

“தண்ணீர் விடாமல் மரமா!” என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் நட்ட ஒவ்வொரு பாப்லருக்கும், வில்லோவுக்கும் வாய்க்கால் வெட்டித்தான் வளர்த்திருக்கிறார். நான் மறுபடியும் பொய் சொல்வதாக நினைத்தாரோ என்னவோ. “ஜூலே” என்றார். வணக்கம், நன்றி, போய் வாருங்கள் எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். “விமானத்துக்கு நேரமாச்சு மாமா” என்று மாப்பிள்ளை கூப்பிட்டார். நானும் “ஜூலே” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.