லாரி வந்ததா? போனதா?
வீடியோவை திருப்பினால் சாட்சியும் திரும்பும்!

கும்மிடிப்பூண்டி:

சிப்காட்டில் ஒரு குடோன் வாசல். சரக்கு ஏற்றிய லாரி ‘ரிவர்ஸ்’ எடுத்து வெளியே வருகிறது. கண்காணிப்பு கேமராவில் அது பதிவாகிறது.

அந்த படத்தை கடைசியில் இருந்து முதலுக்கு ஓட்டினால்? அதே லாரி, அதே சரக்கோடு, நேராக உள்ளே போகும்! வெளியே போன சரக்கு, உள்ளே வந்த சரக்காக மாறிவிடும்.

இது ஒரு உதாரணம்தான். ஆனால் இதைச் செய்ய ஸ்டூடியோ வேண்டாம். செல்போன் எடிட்டிங் ஆப்பில் ‘ரிவர்ஸ்’ பொத்தானை தட்டினாலே போதும்.

எழுந்து நின்ற சுவர்

வித்தை புதிது அல்ல. 1896-ம் ஆண்டிலேயே பிரான்சின் லூமியர் சகோதரர்கள், தங்கள் தொழிற்சாலையில் சுவர் இடிப்பதை படம் பிடித்தார்கள். அதை திருப்பி ஓட்டினார்கள். தூள் தூளாக விழுந்த சுவர், தானே எழுந்து நின்றது. ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள்!

நம்ம ஊர் சண்டைப் படங்களிலும் இந்த வித்தை உண்டு. மேலிருந்து கீழே குதிப்பதை படம் எடுத்து, திருப்பி ஓட்டினால் ஹீரோ தரையில் இருந்து மாடிக்கு தாவுவார். விசில் பறக்கும்.

ஒரு அடி, மூன்று அடி!

இன்னொரு வித்தை ‘ஸ்டட்டர்’. அதாவது, படம் திக்கித் திக்கி ஓடுவது.

வினாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் 5 பிரேம் என்பது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த துண்டை வெட்டி மூன்று முறை ஒட்டினால், அசைவு மூன்று முறை வரும். நடுவில் உள்ள துண்டை மட்டும் திருப்பிப் போட்டால், உருவம் முன்னும் பின்னும் உதறும். கல்யாண வீடியோவில் இது ஜாலி. அடிதடி வீடியோவில்? ஒரு தள்ளு, மூன்று குத்து ஆகிவிடும்!

வெள்ளை மாளிகையில் ரகளை

2018 நவம்பரில் அமெரிக்காவே இதில் சிக்கியது. வெள்ளை மாளிகை பேட்டியில் சி.என்.என். நிருபர் ஜிம் அகோஸ்டாவிடம் இருந்து பெண் ஊழியர் ஒருவர் மைக்கை வாங்க முயன்றார். அந்த வீடியோவை வெள்ளை மாளிகை செய்தி தொடர்பாளரே வெளியிட்டார்.

அதில் நிருபரின் கை இறங்கும் இடம் வேகமாக்கப்பட்டு, நீளம் குறையாமல் இருக்க சில பிரேம்கள் நிறுத்தி வைக்கப்பட்டு இருந்ததாக ஏ.பி. செய்தி நிறுவனத்திடம் வீடியோ நிபுணர் ஒருவர் கூறினார். முதலில் பதிவிட்டவரோ, வேகத்தை மாற்றவில்லை என்று மறுத்தார்.

இங்கே நடந்தது என்ன?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநில தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. பீதி கிளம்பியது. ஒரு வீடியோ வட மாநிலத்தவர்களுக்குள் நடந்த மோதல், மற்றொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு விளக்கினார். எங்கோ நடந்த சண்டைக்கு வேறு கதை கட்டியதற்கே இந்த கலக்கம். படத்தையே திருப்பிப் போட்டால்?

கண்டுபிடிப்பது எப்படி?

* மூலையில் ஓடும் கடிகாரத்தை பாருங்கள். வினாடி குறைந்துகொண்டே போனால் படம் தலைகீழ். ஒரே வினாடி திரும்பத் திரும்ப வந்தால் ஒட்டு வேலை. கடிகாரமே மறைக்கப்பட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

* லாரி முன்னே போகும்போது பின்னால் வெள்ளை ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா? புகை, குழாய்க்குள் திரும்பிப் போகிறதா? மாட்டிக்கொண்டது!

* திருப்பிய படத்தில் பேச்சு உளறலாக கேட்கும். அதனால் குரலை நீக்கி பாட்டு போட்டு விடுவார்கள்.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, இத்தகைய பதிவின் நகலை கோர்ட்டில் கொடுக்க சான்றிதழ் வேண்டும். அதில் ‘ஹேஷ்’ எண் குறிக்கப்படும். இது பதிவின் கைரேகை மாதிரி. ஒரே ஒரு பிரேம் மாறினாலும் எண் மாறிவிடும். வழக்குக்காக பொய் சாட்சியம் உருவாக்கினால் 7 ஆண்டு வரை ஜெயில் கிடைக்கலாம்.

எனவே சிப்காட் குடோன் ஆனாலும், திருவள்ளூர் காக்களூர் பட்டறை ஆனாலும், சம்பவம் நடந்தால் கேமரா பதிவை வெட்டாமல் அப்படியே நகல் எடுத்து வையுங்கள். ‘வாட்ஸ்அப்’பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி, ஹேஷ் எண்ணும் மாறிவிடும். அதை நம்பி இருக்க வேண்டாம். நாளாகிவிட்டால் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறி, அசலே அழிந்துவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.